ஆள் வரவில்லையா, யாரும் அழைக்கவில்லையா?

"முன்பு மாதிரி யாரும் வருவதில்லை, இளைஞர்களுக்கு அக்கறையே போய்விட்டது." தொண்டு அமைப்புகளை நடத்துவோரிடம் பேச்சுக் கொடுத்தால் தவறாமல் வரும் புலம்பல் இது. ஆனால், 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோதும் இளைஞர்கள் திரண்டு வந்ததை நாடே பார்த்தது. வெள்ளம் வடிந்த பிறகு அவர்களில் எத்தனை பேரை அமைப்புகள் மறுபடி கூப்பிட்டன என்பதே கேள்வி.

கூப்பிட்டால் வருகிறார்கள் என்பதற்கு உதாரணம் உண்டு. கரோனாவால் பிள்ளைகளின் படிப்பு தடைபட்ட நிலையில், தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள்; பெரும்பாலோர் பெண்கள். மாலை நேரம், சொந்தத் தெரு, சுமார் 20 பிள்ளைகள் என வேலையின் எல்லை முன்கூட்டியே தெரிந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்காகத்தான் வந்தார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியென்றால், பணமே தராத இடத்துக்கு ஆள் வந்திருக்கக் கூடாது; கேரளத்தில் வந்தார்கள்.

அங்கே மலப்புறம் மாவட்டத்தில் தீராத நோயுள்ளவர்களை வீடு தேடிச் சென்று பராமரிக்கும் வலிதணிப்பு இயக்கம், மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களை நம்பி வளர்ந்தது. அவர்களிடம் வைக்கப்பட்ட கோரிக்கை ஒன்றுதான்: வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்க முடியுமா? ஒப்புக்கொண்டவர்களுக்கு 16 மணி நேர வகுப்பு, 4 நாள் களப் பயிற்சி, முடிவில் மதிப்பீடு. அதன் பிறகு 10, 15 பேராகச் சேர்ந்து தங்கள் பகுதி நோயாளிகளின் பொறுப்பை ஏற்றார்கள். படுக்கையில் கிடப்பவரிடம் பேசிக்கொண்டிருப்பதும், அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. கேரள அரசு 2008இல் வலிதணிப்புக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. பயிற்சியும் மதிப்பீடும் வைத்தால் ஆள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் வீண் என்பதற்கு மலப்புறமே சாட்சி. குழந்தைகளோடும் தனித்திருக்கும் முதியவர்களோடும் பழகும் பணிகளில் அந்தக் கறார் இல்லாமல் ஆள் சேர்ப்பதுதான் ஆபத்து.

நம் அமைப்புகள் எப்படிக் கேட்கின்றன? "சமூக அக்கறையுள்ள தன்னார்வலர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்." வாட்ஸ்அப் குழுக்களில் வரும் இந்த அழைப்பில் என்ன வேலை, எங்கே, எவ்வளவு நேரம் என்ற தகவல் எதுவும் இல்லை. 'வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பார்வையற்ற மாணவி ஒருவருக்குத் அவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தர ஸ்க்ரைப் வேண்டும், 3 மணி நேரம் ஆகும், உங்களால் முடியுமா?' என்று ஒருவரைப் பேர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். முடியும், முடியாது என்று ஒரு பதிலாவது கிடைக்கும். பொது அழைப்பைப் படிப்பவரோ, வேறு யாராவது போவார்கள் என்று நகர்ந்துவிடுகிறார்.

வந்தவரை நடத்தும் விதம் அடுத்த கோளாறு. புதியவரைப் பேனர் பிடிக்க வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். முடிவெடுக்கும் கூட்டத்தில் பத்து வருடமாக இருக்கும் அதே நான்கு பேர்தான். தனக்கென்று ஒரு பொறுப்பு இல்லாத இடத்துக்கு யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

அழைக்க ஆள் எங்கே என்று தேடவும் வேண்டாம். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் கல்லூரி மாணவர் 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ரத்ததான முகாமும் கிராம முகாமும் பார்த்துப் பழகிய இந்த மாணவர்கள், பட்டம் வாங்கியதும் கலைந்துபோகிறார்கள். பக்கத்துக் கல்லூரியின் திட்ட அலுவலரைச் சந்தித்து, இறுதியாண்டு மாணவர்களிடம் பேச அரை மணி நேரம் கேட்பது எந்த அமைப்புக்கும் பெரிய காரியம் அல்ல. போகும்போது கையில் லட்சிய உரை வேண்டாம். என்ன வேலை, எந்த ஊர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதிய பட்டியல் போதும். அதைத் தயாரிக்காத அமைப்புக்கு இளைஞர்களைக் குறை சொல்லும் தகுதி கிடையாது.