எஞ்சினை மாற்றலாம், பிரேக்கை யார் மாற்றுவது?

கப்பலோட்டிய தமிழன் பிறந்த ஓட்டப்பிடாரத்துக்காரன் காரைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள், நண்பர்களே! எங்கள் வீட்டில் சைக்கிளைத் தவிர வேறு வண்டி கிடையாது. அப்பாவுக்குக் கரிசல் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் தாய்மாமாவின் ஒர்க் ஷாப்பில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மாமாவிடம் ஒரு கான்டெஸா வந்தது. நம்மில் பலர் அதைப் பழைய சினிமாவில்தான் பார்த்திருப்போம். 1984-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த கார். உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டருடையது. ஆரம்பத்தில் வைத்த எஞ்சினோ அம்பாசடர் வகை 1.5 லிட்டர், சுமார் 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்பு, நோயாளி மூச்சு! பிறகு கம்பெனியே ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினை வைத்தது. அதற்குப் பிறகுதான் கார் ஓடத் தொடங்கியது என்பார்கள். 2002-இல் உற்பத்தியே நின்றுவிட்டது.

வந்தது அந்தப் பழைய 1.5 லிட்டர் வண்டி. சொந்தக்காரருக்கு ஒரே ஆசை. விபத்தில் நொறுங்கிய ஸ்கார்ப்பியோ ஒன்றின் 2.2 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது, அதைத் தூக்கி இதில் வைக்க வேண்டும். 120 குதிரைத்திறன்! கூலி மட்டும் மாமாவுக்கு மூன்று மாத வருமானம். மாமா அளவெல்லாம் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மருமவனே, நீதான டிப்ளமா படிக்க. செய்யலாமா, கூடாதா? நீயே சொல்லு."

எங்கள் குடும்பத்தில் ஒருவர் என் படிப்பை நம்பிக் கேட்ட முதல் கேள்வி அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டர்போ என்றால் என்ன? கயத்தாறில் காற்றாலை பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒரு சின்னக் காற்றாடி, சைலன்சர் வழியே வீணாகப் போகிற புகையின் வேகத்தில் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் காற்றாடி வெளிக்காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் எரிபொருளும் அதிகம் எரியும், திறனும் கூடும். அற்புதமான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை.

ஆனால் அந்த எஞ்சின் தனியாக வராது, தோழர்களே! கான்டெஸாவுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடம்புதான் சேஸிஸ். நாற்பது வருடத் துரு ஏறிய அந்தத் தகட்டில்தான் கனமான எஞ்சினுக்கு மவுண்டிங் வெல்டிங் வைக்க வேண்டும். கியர்பாக்சையும் மாற்ற வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி லேத்தில் கொடுத்து பேலன்ஸ் பார்க்க வேண்டும். பழைய கிரவுன் பினியன் புது முறுக்கைத் தாங்குமா? பழைய ரேடியேட்டர் எங்கள் ஊர் சித்திரை வெயிலைத் தாங்குமா? இதற்கெல்லாம் மாமாவிடம் பதில் இருந்தது. நான் வகுப்பில் படிக்காத விஷயம்கூட அவருக்குத் தெரியும்.

பிரேக் என்றதும்தான் இரண்டு பேரும் நின்றோம். முதலாண்டு இயற்பியலில் படித்த சூத்திரத்தை எடுத்தேன். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். கார் 1200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் விழுங்க வேண்டியது சுமார் 167 கிலோஜூல். 120-இல் 667 கிலோஜூல்! வேகம் இரண்டு மடங்கு, பிரேக்கின் வேலை நாலு மடங்கு. 30 மீட்டரில் நின்ற வண்டி, பிரேக் அதே அளவு பிடித்தாலும், 120 மீட்டர் போய்த்தான் நிற்கும். சூடு ஏறினால் அந்தப் பிடியும் குறையும். மதுரை-தூத்துக்குடி நாற்கரச் சாலையில் ஆட்டுக்கிடை குறுக்கே வந்தால், 120 மீட்டர் காத்திருக்குமா?

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ரக எஞ்சின் என்றால் அனுமதி வாங்கி மாற்றலாம். மீறினால் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"கம்பெனி இசுசு வைத்தால் சரி, எங்க மாமா வைத்தால் தப்பா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. மாமாவின் கை கம்பெனிக்காரன் கைக்குக் குறைந்தது அல்ல. ஆனால் கம்பெனிக்கு ஓட்டிப் பார்க்கத் தனிப் பாதை இருக்கிறது, சோதனைக்கூடம் இருக்கிறது. மாமாவுக்கு இருப்பது ஊர் ரோடு மட்டும்தான். அங்கே சோதனை தோற்றால் விலை கொடுப்பவன் ரோட்டில் போகிறவன்.

அப்படியானால் ஆசையைக் குழி தோண்டிப் புதைத்துவிடலாமா? வேண்டாம்! என் கருத்து இதுதான். காசு கொடுத்து புராஜெக்ட் வாங்கி, பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து வைக்கிறோமே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அதில் நாம் கற்றது என்ன? காயலான் கடையிலிருந்து ஒரு டர்போ எஞ்சினையும் ஒரு பழைய காரையும் நம் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு வருவோம். ரோட்டில் அல்ல, ஸ்டாண்டில் ஏற்றிப் பொருத்துவோம். பிரேக்கையும் ஷாஃப்டையும் கணக்குப் போட்டு மாற்றுவோம். மாமா போன்ற மெக்கானிக்குகளை அழைத்து நமக்குப் பாடம் நடத்தச் சொல்வோம். அங்கீகாரம் பெற்ற சி.என்.ஜி., பேட்டரி கிட்களைப் பொருத்தச் சட்டமே வழி விடுகிறது. அந்தப் பயிற்சியை நாம் அவர்களுக்குக் கொடுப்போம். மாணவர் பேரவை இந்தக் கோரிக்கையைத் துறைத்தலைவரிடம் வைக்க வேண்டும்.

மாமாவிடம் "வேண்டாம்" என்றேன். கார் திரும்பிப் போனது. மூன்று மாத வருமானமும் அதோடு போனது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. மூன்று நாள் மாமா என்னோடு பேசவே இல்லை. நாலாம் நாள் வேறொரு வண்டியின் பிரேக் டிரம்மை என் முன்னால் வைத்தார். "இத அளந்து சொல்லுல. இன்னும் ஓடுமா, மாத்தணுமா?"

நான் வெர்னியரை எடுத்தேன்.

ஓட வைப்பவன் மெக்கானிக். நிறுத்தவும் தெரிந்தவனே இன்ஜினியர்! சிந்திப்போம், தோழர்களே!

- இரண்டாம் ஆண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு