குதிரை வண்டிப் பந்தயமும் குலுக்கல் நீதியும்

ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள மெடோலேண்ட்ஸ் மைதானத்தில் ஹாம்பிள்டோனியன் பந்தயம் நடைபெறுகிறது. செப்டம்பரில் ஒகையோ மாநிலத்தின் டெலவேர் நகரில் லிட்டில் பிரவுன் ஜக் பந்தயம். இரண்டும் மூன்று வயதுக் குதிரைகளுக்கானவை. இரண்டும் 'ஹார்னஸ்' வகைப் பந்தயங்கள். அதாவது, சாரதி குதிரையின் முதுகில் ஏறுவதில்லை. பின்னால் பூட்டிய எடை குறைந்த இரு சக்கர வண்டியில் அமர்ந்து ஓட்டுகிறார். நமது ரேக்ளாவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. ஆனால், குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது, விதித்த நடையிலேயே விரைய வேண்டும் என்பது அங்குள்ள தனிக் கட்டுப்பாடு.

இத்தகைய பந்தயங்களுக்குப் பல நேரங்களில் ஓடுதளம் கொள்ளாத அளவுக்குக் குதிரைகள் வந்துவிடுகின்றன. நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் மைதானத்தில் 1946-இல் அறிமுகமான நகரும் தொடக்க வாயிலின் பின்னால்தான் இன்றும் குதிரைகள் அணிவகுக்கின்றன. அரை மைல் தளத்தில் பெரும்பாலும் எட்டுக் குதிரைகள், ஒரு மைல் தளத்தில் பத்து என்ற அளவில்தான் முதல் வரிசையில் இடமுண்டு. மிஞ்சினால், தகுதிச் சுற்றுகளாகப் பிரிக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது? சீட்டுக் குலுக்கியா? அல்லது டென்னிஸ் போட்டிகளில் செய்வதைப் போல, வலிமையானவை தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாதபடி தரவரிசை பார்த்து வெவ்வேறு சுற்றுகளில் அமர்த்தியா? இரண்டாவது வழி குதிரையின் உரிமையாளர்களுக்கு நியாயமானதா என்பதே கேள்வி.

டென்னிஸ் வீரர் போட்டியில் பங்கேற்கத் தம் கையிலிருந்து பெருந்தொகை கட்டுவதில்லை. இங்கு நிலைமை வேறு. பெரிய பந்தயங்களில் குதிரை ஒரு வயதுக் குட்டியாகவோ இரண்டு வயதுக் கன்றாகவோ இருக்கும்போதே உரிமையாளர் பெயர் பதிவுக் கட்டணம் செலுத்தத் தொடங்குகிறார். பிறகு தவணை தவணையாகத் தொடர்கட்டணம். இறுதியில் ஓடுவதற்கான கட்டணம். ஒரு தவணை தவறினாலும் குதிரை பட்டியலிலிருந்து நீங்கிவிடும். இந்தப் பணம் பரிசுத்தொகையில் சேர்கிறது. ஆகவே பரிசு என்பது, ஒரு பகுதி அளவிலாவது, உரிமையாளர்களே ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் பணயம். எல்லோரும் ஒரே கட்டணம் செலுத்தியிருக்க, ஒருவருடைய குதிரைக்கு எளிதான சுற்றும் மற்றொருவருடையதற்குக் கடினமான சுற்றும் திட்டமிட்டு வழங்கப்பட்டால் முணுமுணுப்பு எழாதா?

அமெரிக்க டிராட்டிங் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் உள்ள வழக்கமான ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். அறிவிக்கப்பட்ட நிபந்தனைகள் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், குதிரைகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்படும். முதல் தகுதிச் சுற்றுக்குப் பரிசுத்தொகையில் 30 விழுக்காடு, இரண்டாவதற்கு 30, இறுதி ஓட்டத்துக்கு 40. ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் ஐந்து இடங்களுக்கு 50, 25, 12, 8, 5 என்ற விகிதத்தில் பங்கு பிரிப்பது பரவலான வழக்கம்.

இப்போது 1 லட்சம் டாலர் பந்தயம் ஒன்றைக் கற்பனை செய்வோம். 16 குதிரைகள், சுற்றுக்கு எட்டு, ஒவ்வொரு சுற்றிலிருந்தும் ஐந்து இறுதிக்குச் செல்லும். குதிரைகள் தங்கள் திறன் வரிசையிலேயே எல்லையைத் தொடும் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையில் அப்படி நடப்பதில்லை, ஆயினும் கணக்குக்கு உதவும். மிகச் சிறந்த குதிரை எந்தச் சுற்றில் விழுந்தாலும் 15,000 டாலர் பெறும். அதற்குத் தரவரிசைப் பிரிப்பால் ஒரு டாலர்கூடக் கூடுதல் இல்லை. இரண்டாவது சிறந்த குதிரையின் கதை வேறு. குலுக்கலில் அது முதல் குதிரையுடன் ஒரே சுற்றில் சிக்குவதற்கான வாய்ப்பு 15-இல் 7, ஏறத்தாழ பாதி. அப்படிச் சிக்கினால் 7,500 டாலர்தான், தப்பினால் 15,000. சராசரியாக 11,500. தரவரிசைப்படி இரண்டையும் பிரித்துவிட்டால் 15,000 உறுதி. ஆக, 3,500 டாலர் லாபம்.

அந்த 3,500 டாலர் எங்கிருந்து வருகிறது? மொத்தத் தொகை மாறவில்லையே! மூன்றாவது குதிரையிடமிருந்தும் அதற்குக் கீழே உள்ளவற்றிடமிருந்தும்தான் வருகிறது. குலுக்கலில் மூன்றாவது குதிரைக்கு 15-இல் 4 என்ற அளவில் இரண்டு வல்லவர்களும் இல்லாத சுற்று வாய்க்கும். அதில் அது முதலிடம் பெறும். ஐந்தில் ஒரு முறை இரண்டு வல்லவர்களும் உள்ள சுற்றில் விழுந்து மூன்றாமிடம் பெறும். எல்லாம் கூட்டினால் அதன் சராசரி எதிர்பார்ப்பு 8,720 டாலர். பிரித்துவைத்தால் எந்நாளும் இரண்டாமிடம், 7,500 டாலர். இழப்பு 1,220. மீதி 2,280 டாலர் இழப்பை அடுத்தடுத்த குதிரைகள் பகிர்ந்துகொள்கின்றன.

தரவரிசைப் பிரிப்பைப் பற்றிய விவாதத்தில் 'சாம்பியனைப் பாதுகாக்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டுதான் உரக்க ஒலிக்கும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பாதுகாப்புப் பெறுவது சாம்பியன் அல்ல, அதற்கு அடுத்தது. சாம்பியனின் உரிமையாளர் அலட்டிக்கொள்ள வேண்டிய காரணமே இல்லை. எல்லா லாபமும் இரண்டாமவருக்கு. எல்லா நட்டமும் மூன்றாமவர் முதல்.

தகுதிச் சுற்றுப் பணத்தோடு இது முடிந்துவிடுவதுமில்லை. அதே விதிப்புத்தகம், இறுதி ஓட்டத்தில் உள்வேலியை ஒட்டிய முதல் இரண்டு இடங்களைச் சுற்றில் வென்ற இரு குதிரைகளுக்குள் குலுக்கச் சொல்கிறது. இரண்டாமிடம் பெற்றவற்றுக்கு மூன்றாவது, நான்காவது இடங்கள். இப்படியே வெளிப்புறம் நோக்கி. வளைவுகள் நெருங்கிய அரை மைல் தளத்தில் வெளிப்புறத்தில் தொடங்கும் குதிரை கூடுதல் தொலைவு ஓட வேண்டும் அல்லது பின்வரிசையில் ஒதுங்க வேண்டும். எனவே தகுதிச் சுற்றில் யாரைச் சந்தித்தோம் என்பது இறுதி ஓட்டத்தின் தொடக்கப் புள்ளியையும் தீர்மானிக்கிறது.

தரவரிசையை ஆதரிப்போர் சொல்லும் முக்கியக் காரணம், குலுக்கலில் நல்ல குதிரைகள் இறுதிக்கு வராமலே போய்விடும் என்பது. இது எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சுற்றுக்கு ஐவர் தேறும்போது, ஆறாவது சிறந்த குதிரை வெளியேற வேண்டுமானால் அதைவிடச் சிறந்த ஐந்தும் அதே சுற்றில் விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. சுவீடனின் சோல்வல்லா மைதானத்தில் மே மாத இறுதியில் நடைபெறும் எலிட்லோப்பெட் பந்தயத்தில் 16 குதிரைகள் எட்டு எட்டாக ஓடி, சுற்றுக்கு நான்கு தேறுகின்றன. அந்த அளவில் குலுக்கினாலும், ஐந்தாவது சிறந்த குதிரை வெளியேறும் வாய்ப்பு நூற்றில் மூன்றுக்கும் குறைவே. சுற்றுக்கு இருவர் மட்டும் என்றால்தான் மூன்றாவது குதிரைக்கு ஐந்தில் ஒரு பங்கு ஆபத்து. அங்கே அவர்கள் வாதம் பொருந்தும். மற்ற இடங்களில் அது வெறும் அச்சம்.

விதிகளில் மற்றொரு வகைப் பிரிப்பும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஒரே உரிமையாளரின் அல்லது ஒரே பயிற்சியாளரின் குதிரைகளை இயன்றவரை வெவ்வேறு சுற்றுகளில் வைக்க வேண்டும். எந்தச் சுற்று, எந்த இடம் என்பதை மட்டும் குலுக்க வேண்டும். ஒரே லாயத்துக் குதிரைகள் தமக்குள் ஒத்தாசை செய்துகொள்ளும் என்ற ஐயம் பணம் கட்டும் பார்வையாளருக்கு எழக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். சரியான நியாயந்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். சிறந்த இரண்டு குதிரைகளும் ஒரே பெரிய லாயத்துக்குச் சொந்தம் என்றால், நேர்மையின் பெயரால் அந்த 3,500 டாலர் அந்த லாயத்துக்கே போய்ச் சேர்கிறது. ஒற்றைக் குதிரையை வைத்துக்கொண்டு, நண்பர்கள் நால்வர் கூட்டாகத் தீவனச் செலவைப் பகிரும் சிறு உரிமையாளருக்கு இந்த விதியால் நேரடி நன்மை ஏதுமில்லை.

இந்த இடத்தில் தத்துவ ஆசிரியர் ஜான் ரால்ஸ் 1971-இல் முன்வைத்த சிந்தனை நினைவுக்கு வருகிறது. தாம் எந்த நிலையில் பிறப்போம் என்று அறியாத திரைக்குப் பின்னால் நின்று எல்லோரும் ஏற்கும் விதியே நியாயமான விதி என்றார் அவர். குட்டிக்கு முதல் கட்டணம் செலுத்தும் உரிமையாளர் கிட்டத்தட்ட அந்தத் திரைக்குப் பின்னால்தான் நிற்கிறார். தம் குதிரை முதலாவதா, மூன்றாவதா, பதினாறாவதா என்று அவருக்குத் தெரியாது. அப்போதே 'தரவரிசைப்படி பிரிப்போம்' என்று எழுதி அறிவித்துவிட்டால், அவர் அதை ஏற்றே பணம் கட்டுகிறார். பின்னர் குறை சொல்ல இடமில்லை. கட்டணங்கள் வாங்கிய பிறகு, குதிரைகளின் திறன் வெளிப்பட்ட பிறகு, இடையில் விதியை மாற்றுவது அப்பட்டமான அநியாயம். யாருடைய பையிலிருந்து யாருடைய பைக்குப் பணம் போகிறது என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்தத் திரை எல்லோருக்கும் ஒரே கனத்தில் இல்லை. ஏலத்தில் உயர்ந்த வம்சத்துக் குட்டிகளை இருபது, முப்பது என்று வாங்குபவருக்கு, அவற்றுள் ஒன்றிரண்டு முன்வரிசைக்கு வரும் என்பது முன்கூட்டியே ஏறக்குறைய தெரியும். ஒரு குட்டி வாங்குபவருக்குத் தெரியாது. முன்கூட்டியே அறிவித்த விதிகூடப் பெரிய லாயத்தின் பக்கம் சற்றே சாய்வது இதனால்தான்.

தரவரிசையை எதைக் கொண்டு வகுப்பது என்பதும் சிக்கலானது. ஈட்டிய பரிசுத்தொகையே எளிய அளவுகோல். ஆனால் அது வேகத்தை அளப்பதில்லை. எத்தனை முறை, எவ்வளவு பணமுள்ள மாநிலத்தில் ஓடியது என்பதையும் சேர்த்து அளக்கிறது. பென்சில்வேனியாவில் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சூதாட்ட இயந்திர வருவாயின் ஒரு பங்கு பந்தயப் பரிசுகளுக்கு வருகிறது. அத்தகைய மாநிலத்தில் ஓடிய சுமாரான குதிரை, வேறிடத்தில் அளவோடு ஓட்டப்பட்ட நல்ல குதிரையைவிடப் பட்டியலில் மேலே நிற்கக்கூடும். இரண்டு வயதில் குதிரையை வருத்தாமல் பொறுத்திருந்தவர் தண்டிக்கப்படுகிறார்.

என் முடிவு இது. அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க விரும்பினால், தரவரிசையைவிடச் சிறந்த கருவி திரும்பத் திரும்ப ஓடவிடுவது. 1936-இல் பெர்த் நகரில் தொடங்கிய ஆஸ்திரேலிய-நியூசிலாந்து இன்டர் டொமினியன் தொடரில் வெவ்வேறு இரவுகளில் சுற்றுகள் நடந்து, அவற்றில் பெற்ற புள்ளிகளின்படி இறுதிக்குத் தேர்வு நிகழ்கிறது. ஓர் இரவின் கெட்ட குலுக்கல் மற்றோர் இரவில் ஈடாகிவிடும். 1926-இல் தொடங்கிய ஹாம்பிள்டோனியனிலும் பல பத்தாண்டுகள், இரண்டு சுற்றுகளை வென்றால்தான் பட்டம் என்றிருந்தது. குதிரைகளை அவ்வளவு களைப்படையச் செய்வது இன்றைய பயிற்சியாளர்களுக்கு ஒவ்வாது என்பது உண்மைதான்.

ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றால், விதிப்புத்தகத்தின் 60-40 பங்கீட்டைத் திருத்தலாம். தகுதிச் சுற்றுகள் இரண்டுக்கும் சேர்த்து 20 விழுக்காடு, இறுதிக்கு 80 என்று வைத்தால், மேற்சொன்ன கணக்கில் இரண்டாவது குதிரையின் லாபம் 3,500-இலிருந்து சுமார் 1,170 டாலராகச் சுருங்குகிறது. மூன்றாவதன் இழப்பு 1,220-இலிருந்து சுமார் 410 ஆகிறது. இறுதி ஓட்டத்தின் தொடக்க இடங்களை, சுற்று முடிவுகளைப் பாராமல், பத்துக் குதிரைகளுக்கும் சேர்த்துக் குலுக்கினால் எஞ்சிய குறையும் பெருமளவு தீரும். இறுதிக்கு வந்தும் ஆறாவது முதல் பத்தாவது வரை முடிக்கும் குதிரைகள் இத்திருத்தத்தால் இழக்கும். இறுதியில் ஓடும் ஒவ்வொன்றுக்கும், அது இதுவரை கட்டிய கட்டணத்துக்குக் குறையாத ஒரு தொகையை அந்த 80-இலிருந்து முதலில் ஒதுக்கிவிட்டு மீதியைப் பிரிக்கலாம்.