ஏரியைச் சுத்தம் செய்யும் மிதக்கும் தோட்டம்!

ஏரித் தண்ணீரின் மேல் தோட்டம் போட முடியுமா?

போட்டுக் காட்டியிருக்கிறார்கள்! ஐதராபாத் நகரின் மேற்குப் பகுதியில் நெக்னாம்பூர் ஏரி இருக்கிறது. சாக்கடை கலந்து நாறிய ஏரி அது. 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், துருவான்ஷ் என்ற தொண்டு நிறுவனம் அங்கே ஒரு மிதக்கும் தோட்டத்தை அமைத்தது. பரப்பு சுமார் 3,000 சதுர அடி. செடிகள் சுமார் 3,500.

இது அழகுக்காக அல்ல, அழுக்கை எடுப்பதற்காக!

எப்படிச் செய்தார்கள்?

முதலில் மூங்கில் தெப்பம். அதன் மேல் மிதப்பதற்குத் தெர்மாகோல். அதற்கு மேல் சாக்கு, சரளைக்கல். வெட்டிவேர், கல்வாழை, சம்பங்கோரை முதலிய செடிகளை அதில் நட்டார்கள். மண் கிடையாது. வேர்கள் தண்ணீரிலேயே தொங்கும்.

வேர் செய்யும் வேலை

சாக்கடையில் நைட்ரேட், பாஸ்பேட் போன்ற உரச்சத்துகள் உண்டு. அவற்றைத் தின்று பாசி பெருகுகிறது. பாசி செத்து அழுகும்போது, தண்ணீரில் பிராணவாயு குறைகிறது. மீன்கள் திணறிச் சாகின்றன.

தெப்பத்தில் உள்ள செடிகள் அந்தச் சத்தை உறிஞ்சிவிடுகின்றன. பாசிக்குச் சாப்பாடு குறைகிறது! வேர்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களும் அழுக்கைச் சிதைக்கின்றன.

"ஆகாயத்தாமரையும் மிதக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கலாம். அதுவும் சத்தை உறிஞ்சும். ஆனால், கட்டுக்கு அடங்காமல் பரவி ஏரியையே மூடிவிடும். வெளிச்சம் உள்ளே போகாது. தெப்பத்துச் செடியோ வைத்த இடத்தில் இருக்கும்.

இது மட்டும் போதுமா?

போதாது. வளர்ந்த செடிகளை அவ்வப்போது அறுத்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அவை தண்ணீரிலேயே விழுந்து அழுகினால், எடுத்த சத்து மறுபடியும் ஏரிக்கே போய்விடும்.

தண்ணீர் தெளிந்துவிட்டது என்று எடுத்துக் குடித்துவிடவும் கூடாது. நோய்க்கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. தினந்தோறும் சாக்கடையை ஏரியில் திறந்துவிட்டு, செடியை மட்டும் நம்பியிருப்பது, ஒழுகும் கூரையின் கீழே தரையைத் துடைத்துக்கொண்டிருப்பது போலத்தான். கூரையை அல்லவா முதலில் அடைக்க வேண்டும்?

வீட்டுச் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும். அப்புறமும் மிஞ்சும் அழுக்கை எடுக்கத் தெப்பத் தோட்டம் நல்ல துணை. செடி உதவிக்கு வரும். ஆனால், மனிதனின் கடமையை அதன் தலையில் கட்ட முடியாது!