பூட்டிய வீட்டுப் பூனை

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் இல்லத்தார் செய்யும் ஏற்பாடுகள் பல. பால்காரருக்குச் சொல்லிவிடுவர், நாளிதழை நிறுத்துவர், தொட்டிச் செடிகளுக்கு நீர் வார்க்குமாறு அண்டை வீட்டாரை வேண்டுவர். பூனையை மட்டும் புழக்கடையில் விட்டுக் கதவைப் பூட்டுவர். "பூனைக்கென்ன? எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும்" என்பர். இக்கூற்றுப் பொருந்துமா?

எலி பிடித்தல் பூனையின் இயல்பே. ஆயினும், வேளை தவறாமல் மீனும் சோறும் உண்டு வளர்ந்த பூனை ஒரே நாளில் வேட்டையில் தேர்ந்துவிடாது. ஒரு சுண்டெலி அதன் ஒருநாள் பசிக்கும் போதாது. தெருவிலோ, வேறு பூனைகள் தத்தமக்கு எல்லை வகுத்துக்கொண்டு வாழ்கின்றன. புதிதாய் வந்ததை அவை விரட்டும். பசி மிகுந்தால் அது அயலார் அடுக்களையில் நுழையும்; அடிபடும். திருட்டுப் பூனை என்று பெயரும் பெறும். அப்பெயரை அதற்குத் தேடித் தந்தவர் யார்?

பட்டினி பூனைக்குப் பெருங்கேடு செய்யும். சில நாள் உண்ணாதிருப்பின், உடலிலுள்ள கொழுப்பு ஈரலில் சென்று தேங்கி, அதனைப் பழுதாக்கும். கொழுத்த பூனைக்கே இவ்விடர் மிகுதி.

அவ்வாறாயின் உடன் அழைத்துச் செல்லலாமே எனின், அதுவும் எளிதன்று. நாய் தன் தலைவனோடு எங்கும் செல்லும். பூனையோ இடத்தோடு ஒன்றி வாழ்வது. தூணிலும் கதவிலும் அது கன்னத்தைத் தேய்ப்பதைக் கண்டிருப்பீர்கள். தன் மணத்தை அங்கே பதித்து, தன் இடமென்று அது அடையாளம் செய்கிறது. அம்மணம் இல்லாத புது வீட்டில் அது அஞ்சி ஒளியும். கதவு திறந்திருந்தால் ஓடியும் போகும். ஆதலின், நம்பத்தக்க ஒருவர் நாள்தோறும் வீட்டிற்கே வந்து பேணுதல் சாலச் சிறந்தது என்பது என் கருத்து.

வருபவர் நீர்க்கலத்தைக் கழுவி நிரப்புதல் வேண்டும். மணல் தட்டைத் தூய்மை செய்தல் வேண்டும். உணவை அன்றன்று இடுதல் வேண்டும். ஒரு வாரத்திற்குப் போதுமென்று பாலைக் கிண்ணம் கிண்ணமாய் வைத்துச் செல்வோரும் உளர்! மே மாத வெயிலில் அது நண்பகலுக்குள் திரிந்துவிடும். மேலும், வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் செரிப்பதே இல்லை.

இஃது இரக்கத்தை மட்டும் பொறுத்ததன்று, சட்டமும் உண்டு. 1952ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சி, 1960ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டமாகக் கனிந்தது. வண்டி மாட்டுக்கும் குதிரைக்குமே அச்சட்டம் என்று பலர் எண்ணுகின்றனர். தக்க காரணமின்றி எந்த விலங்கையும் பசியாலும் நீர்வேட்கையாலும் துன்புறும் நிலையில் கைவிடுதல் அதன்படி குற்றமாகும்.

பேணுவதற்கு ஒருவரும் கிடைக்காவிடின், வீட்டார் அனைவரும் ஒருங்கே செல்லாமல் முறைவைத்துச் செல்லலாம். மாணவர்களும் இப்பணியை ஏற்கலாம். அடுத்த வீட்டார் சாவியை உங்களிடம் தந்தால், கால்நடை மருத்துவர் இருக்குமிடத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பூனை கட்டிலின் அடியில் பதுங்கியிருக்கும். அதைப் பிடித்து இழுக்காதீர்கள். உணவை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி அமைதியாக உட்காருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானே வெளிவரும். ஒரு நாள் முழுதும் உணவைத் தொடாதிருந்தால், மருத்துவரிடம் காட்டக் காலம் தாழ்த்தாதீர்கள். வீட்டாருக்கும் அன்றே தெரிவியுங்கள்.