விருந்தினன் கடன்

விருந்தோம்பலின் பெருமையைத் தமிழிற் பேசாதவர் இல்லை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார். ஆற்றுப்படை நூல்கள், வறுமையுடன் வழிநடக்கும் பாணனுக்கும் கூத்தனுக்கும் எந்நிலத்து மக்கள் எவ்வுணவு அளிப்பர் என்பதை ஊர் ஊராக எடுத்துரைக்கின்றன. ஆயினும் இவையெல்லாம் பெரும்பாலும் அளிப்பவனது சிறப்பையே பேசுவன. ஏற்பவனுக்கும் ஒரு கடன் உண்டா, உண்டெனின் அது யாது என்னும் வினா எம்மிடையே அதிகம் எழுந்ததில்லை. முதுகில் ஒரு பையைச் சுமந்து, அறிமுகமில்லாத நாடுகளில் மாதக்கணக்காகச் சுற்றித் திரியும் இளைஞர் கூட்டம் உலகெங்கும் பெருகியுள்ள இக்காலத்தில் அவ்வினாவை எழுப்புதல் பொருத்தமாகும் என எண்ணுகிறேன்.

கடல் கடந்து செல்வது எமக்குப் புதியதன்று. கல்விக்காகச் சென்றோம், உழைப்புக்காகச் சென்றோம், உயிர் காக்கவும் சென்றோம். காரியம் எதுவுமின்றி, உலகத்தைக் காண வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றையே காரணமாகக் கொண்டு செல்வது மட்டும் எம்மவரிடையே நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. இன்று எம் மாணவர் சிலரும், புலம்பெயர்ந்த நாடுகளிற் பிறந்த எம்மவர் பிள்ளைகள் பலரும் அவ்வாறு செல்லத் தொடங்கியுள்ளனர். மீண்டு வருவோரைக் கேட்டால் மூன்று செய்திகளைச் சொல்வர்: கிடைத்த நண்பர், உண்ட உணவு, பட்ட துணிகரம். இம்மூன்றும் உண்மையே. ஆனால் இம்மூன்றையும் அவர்களுக்கு அளித்தவர் யாவர் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

நான் அறிந்த ஒரு பள்ளத்தாக்கை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். நேபாளத்தின் நடுப்பகுதியில், 8,091 மீற்றர் உயரமான அன்னபூர்ணாவுக்கும் 8,167 மீற்றர் உயரமான தௌலகிரிக்கும் இடையே காளி கண்டகி ஆறு ஓடுகிறது. அதன் கரையிலுள்ள ஜொம்சொம் என்னும் ஊர், எம் நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையினும் உயரத்தில் இருக்கிறது. முற்பகலிலேயே தெற்கிலிருந்து காற்று எழுந்து மணலை வாரி முகத்தில் எறியத் தொடங்கும். ஆதலின் நடப்போர் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுவர். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்தில், பத்து நாட்கள் அவ்வழியே நடந்தேன்.

அங்கே இரவு தங்குவதற்கு வீடுகள் உண்டு. அவை உல்லாசப் பயணிகளுக்காகத் தோன்றியவை என்றே புதியவர் நினைப்பர். அவற்றின் வரலாறு அதனினும் பழையது. திபெத்தின் உப்பும் கம்பளியும் இப்பள்ளத்தாக்கு வழியாகக் கீழே வந்தன. தாழ்நிலத்துத் தானியம் மேலே சென்றது. அவ்வணிகத்தை நடத்திய தக்காலி இனத்தார், சுமைகாரரும் கோவேறு கழுதை ஓட்டுவோரும் இளைப்பாறுவதற்கு வழிநெடுகச் சிறு விடுதிகளை வைத்திருந்தனர். உணவுக்குக் காசு கொடுத்தவனுக்கு அடுப்பங்கரையிற் படுக்க இடம் கிடைத்தது. 1959க்குப் பின் திபெத்து எல்லை இறுகியது. இந்திய உப்பு மலிவாக வந்தது. உப்பு வணிகம் நலிந்தபோது, முதுகிற் பையுடன் வந்த வெளிநாட்டார் அதே அடுப்பங்கரைகளில் வந்து அமர்ந்தனர். அவர்கள் பெற்ற வரவேற்பு, பெயர் தெரியாத சுமைகாரர் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டாக்கிய வழக்கத்தின் தொடர்ச்சியாகும்.

உணவைப் பற்றிச் சொல்கிறேன். சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும் கீரையும் ஊறுகாயும் சேர்ந்ததே அங்கு இருவேளை உணவு. புளிக்கவைத்து உலர்த்திய கீரையைக் கொண்டு ஒரு சாறும் வைப்பர். அரிசி இல்லாத வீட்டிற் குரக்கன் மாவையோ மலையில் விளையும் வேறு தானியத்தின் மாவையோ கொதிநீரிற் கிளறிக் களியாக்குவர். குரக்கன் பிட்டும் ஒடியற் கூழும் உண்டு வளர்ந்த நாவுக்கு அதில் அந்நியம் எதுவுமில்லை. உண்பவன் கையை மறித்துப் போதும் என்று சொல்லும்வரை சோறும் பருப்பும் மீண்டும் மீண்டும் வரும். அதற்கு மேலதிகமாகக் காசு கேட்பதில்லை. பயண நூல்கள் யாவும் இவ்வழக்கத்தைப் பாராட்டுகின்றன. ஆனால் மேல் பள்ளத்தாக்கில் நெல் விளைவதில்லை. வீதி வருவதற்கு முன் ஒவ்வொரு பிடி அரிசியும் மனித முதுகிலோ விலங்கின் முதுகிலோ ஏறியே அங்கு வந்தது. வீதி எட்டாத ஊர்களுக்கு இன்றும் அவ்வாறே செல்கிறது. இரண்டாம் முறை இலையில் விழும் சோற்றின் விலையை உணவுப் பட்டியலிற் காண முடியாது.

இனி நட்பைப் பார்ப்போம். நேபாளியர் முன்பின் அறியாதவரையும் உறவுமுறை சொல்லியே அழைப்பர். விடுதி நடத்தும் பெண் 'தீதீ', அதாவது அக்கா. இளைஞன் 'பாய்', அதாவது தம்பி. எம்மூரில் நாம் கடைக்காரரை அண்ணை என்றும் வழியில் வருபவரைத் தம்பி என்றும் அழைப்பது போன்றதே இது. ஓர் ஊரில், நான் இலங்கையன் என்று அறிந்ததும், விடுதித் தீதீ உள்ளே சென்று கைத்தொலைபேசியை எடுத்துவந்து ஒரு படத்தைக் காட்டினார். கட்டாரிற் கட்டட வேலை செய்யும் அவர் மகன், நான்கு பேருடன் ஓர் இரும்புக் கட்டிலில் அமர்ந்திருந்தான். அவர்களுள் ஒருவர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர். "இந்த அண்ணன்தான் என் மகன் காய்ச்சலிற் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர்" என்றார். அன்று நான் குடித்த தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அத்தேநீர் எனக்கு உரியதன்று. மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு தொழிலாளி பாலைவனத்தில் ஈட்டிய நன்றியை, அவரைக் காணாத நான் இமயத்தில் அனுபவித்தேன். அயலார் நட்பு என்பதைப் பயணிகளின் தனிச்சொத்தாகக் கருதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உழைப்பாளர் அனுப்பும் பணம் நேபாளத்தின் தேசிய வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு ஈடாகும். எம் நாடும் அவ்வருவாயைப் பெரிதும் நம்பியே நிற்கிறது. ஒருவருக்கொருவர் துணையின்றி வாழமுடியாத இடங்களில் இவ்வுழைப்பாளர் கட்டியெழுப்பும் தோழமையைப் பற்றி எவரும் பயண நூல் எழுதுவதில்லை.

அப்பள்ளத்தாக்கின் மேலெல்லையில், 3,700 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் முக்திநாதம் இருக்கிறது. ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் இதுவே என வைணவர் கொள்வர். 108 நீர்த்தாரைகள் அங்கு ஓடுகின்றன. பௌத்தருக்கும் அது புனிதத் தலமாதலின், சன்னிதிப் பணியிற் பிக்குணிகளுக்கும் பங்குண்டு. கண்டகி ஆற்றில் எடுக்கப்படும் சாளக்கிராமக் கற்கள், இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த உயிர்களின் கல்லுருக்கள். தமிழ் யாத்திரிகரும் திபெத்திய முதியவரும் ஒரே நீரில் நனைந்து குளிரில் நடுங்கி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதை அங்கே கண்டேன். அவர்களுக்குப் பொதுமொழி எதுவும் இருக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

விருந்தினன் கடன் யாது என்பதற்கு இவ்வழியிலேயே ஒரு சான்று உண்டு. எக்காய் கவகுச்சி என்னும் ஜப்பானியத் துறவி, பௌத்த நூல்களைத் தேடி 1899இல் நேபாளத்தை அடைந்தார். வெளிநாட்டாருக்குத் திபெத்து மூடப்பட்டிருந்த காலம் அது. காளி கண்டகிக் கரையிலுள்ள மார்பா என்னும் ஊரின் தலைவர் அவரைத் தம் வீட்டில் இருத்தி உணவளித்தார். அவ்வீட்டிலிருந்த நூல்களைப் படித்தவாறு சில மாதங்கள் தங்கிய கவகுச்சி, 1900இல் மலைகளைக் கடந்து, தம்மைச் சீனத் துறவி எனக் கூறிக்கொண்டு திபெத்துக்குள் நுழைந்தார். அவரது 'திபெத்தில் மூன்று ஆண்டுகள்' என்னும் நூலின் ஆங்கிலப் பதிப்பு 1909இல் சென்னை அடையாற்றில் வெளியாயிற்று. அந்நூலிற் சாகசத்துக்குக் குறைவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1902இல் உண்மை வெளிப்பட்டதும் அவர் லாசாவிலிருந்து தப்பிச் சென்றார். அங்கே அவருக்கு உதவியவர்கள் சிறைப்பட்டனர். அச்செய்தி அறிந்த கவகுச்சி நாடு திரும்பிப் புகழடைவதில் விரையவில்லை. 1903இல் காத்மண்டு சென்று, நேபாள ஆட்சியாளர் சந்திர சம்சேரிடம் தம் நண்பர்களுக்காக மன்றாடி, திபெத்துக்கு விண்ணப்பம் அனுப்ப வழிதேடினார். தாம் உண்ட உணவுக்கு வேறொருவர் துன்புறுகிறார் என்பதை அவர் மறக்கவில்லை.

துணிகரத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். முக்திநாதத்துக்கு மேலே 5,416 மீற்றர் உயரத்தில் தொரோங் கணவாய் இருக்கிறது. 2014 ஒக்டோபரில், வங்காள விரிகுடாவில் எழுந்த சூறாவளியின் எச்சம் அங்கே கடும் பனிப்புயலாக மாறியது. அப்பகுதியில் குறைந்தது 43 பேர் மாண்டனர். அவர்களுட் பல நாட்டுப் பயணிகளும் இருந்தனர். வழிகாட்டிகளும் சுமைகாரரும் மந்தை மேய்ப்போரும் இருந்தனர். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டார் வழிகாட்டியுடனேயே மலைவழிகளில் நடக்க வேண்டும் என்று நேபாளம் விதித்தது. விதி எதுவாயினும், மலையேறுபவன் தன் ஆபத்தைத் தானே தெரிந்தெடுக்கிறான். அவன் பொதியைச் சுமப்பவன் கூலிக்காக அதே ஆபத்தில் நடக்கிறான். முன்னவன் திரும்பிச் சென்று சொல்லும் கதையிற் பின்னவனுக்குப் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை.

நேபாளத்து மலைப்பாதைகளில் அரசும் ஆலும் நட்டு, அவற்றைச் சுற்றிக் கல்மேடை கட்டியிருப்பர். அதற்குச் சௌதாரி என்று பெயர். நெற்றிப் பட்டையிற் கூடையைத் தொங்கவிட்டு வரும் சுமைகாரன், எவர் உதவியுமின்றி அம்மேடையிற் கூடையை இறக்கி ஆறுவதற்கு அது ஏற்ற உயரத்தில் அமைந்திருக்கும். இறந்தோர் நினைவாக உறவினர் அதனை எழுப்புவதுண்டு. யாழ்ப்பாணத்துப் பழைய வீதியோரங்களிற் சுமைதாங்கிக் கல்லைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வழிச்செல்வோரின் பாரத்தை அறிந்தவர் எங்கும் ஒரே வகையிற் சிந்தித்திருக்கின்றனர்.

ஆகவே பயணம் போக விரும்பும் இளைஞருக்கு நான் சொல்வது இதுவே. போங்கள், தயங்காமற் போங்கள். செல்லுமிடத்து மொழியில் நாற்பது சொற்களாயினும் கற்றுக்கொள்ளுங்கள். எம் கடவுச்சீட்டுக்குப் பல கதவுகள் எளிதில் திறப்பதில்லை; அதனால் திறக்கும் கதவின் மதிப்பை நாம் நன்கறிவோம். உணவின் விலையிற் பேரம் பேசிச் சேமித்த சில்லறையைச் சாமர்த்தியம் என்று எழுதாதீர்கள். உங்கள் பொதியை வேறொருவர் சுமப்பாராயின் அதன் நிறை என்ன, அவருக்குக் குளிராடை உண்டா, அவர் எங்கே உறங்குகிறார் என்று கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல் உண்டு. 1909இல் ரிச்சட் ஷிர்மன் என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், மாணவருடன் நடைப்பயணம் சென்றபோது இடிமழையில் அகப்பட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் மீது இரவைக் கழித்தார். விடுமுறையில் வெறுமையாகக் கிடக்கும் பள்ளிகளில் வழிநடக்கும் மாணவர் தங்கலாமே என்னும் எண்ணம் அவ்விரவிலே தோன்றியது. 1912இல் அல்தேனாக் கோட்டையில் அவர் தொடங்கிய விடுதியிலிருந்தே உலக இளைஞர் விடுதி இயக்கம் வளர்ந்தது. எம் பாடசாலைகளும் விடுமுறையில் வெறுமையாகவே கிடக்கின்றன. வடக்கின் மாணவர் மலையகத்திலும், மலையகத்தின் மாணவர் கிழக்கிலும், தெற்கின் மாணவர் வடக்கிலும் ஓரிரவு தங்கி, அவ்வூர்ச் சோற்றை உண்டு, அடுத்த நாள் நடந்து செல்ல வழிசெய்வது இயலாத காரியமன்று.

இன்னொன்றும் உண்டு. மலையகத் தேயிலைத் தோட்டங்களினூடாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதையில், முதுகிற் பை சுமந்த அயல்நாட்டார் இப்போது நடக்கின்றனர். அவர்கள் கடந்து செல்லும் லயன் அறைகளில் வாழ்வோர், தாம் கொழுந்து பறிக்கும் தேயிலையைக் கொண்டே அவர்களுக்குத் தேநீர் கொடுக்கின்றனர். அவ்வகையில் நாமும் விருந்தளிப்பவராகியுள்ளோம். வருபவர் எம்மவரை எவ்வாறு மதிக்க வேண்டும் என விரும்புகிறோமோ, அவ்வாறே நாமும் பிறர் அடுப்பங்கரையில் அமரக் கற்போமாக.