சந்தேகப்படக் கற்றுக்கொடுங்கள்

வெதுருகுப்பம் போன்ற ஒரு மண்டலத்தின் அரசுப் பள்ளிக்கு கம்ப்யூட்டர் என்றைக்கு வந்து சேரும் என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. 2022 டிசம்பர் 21 அன்று ஆந்திர அரசு, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டேப்களை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதே நாளில் தொடங்கிய இரண்டாவது சுற்றில் மேலும் 4 லட்சத்துக்கும் அதிகம். சித்தூர் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளும் இந்தக் கணக்கில் அடக்கம். பைஜூஸ் நிறுவனத்தின் பாடங்களை அதிலேயே ஏற்றித் தந்தார்கள்.

பிறகு வழக்கமான அரசியல் வந்தது. டேப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்றது ஒரு தரப்பு. ஏழைப் பிள்ளைகள் கையில் டேப் இருப்பது சிலருக்குப் பொறுக்கவில்லை என்றார் அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி. இரு தரப்பும் பேசியது கருவியைப் பற்றித்தான். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு ஒரு மாணவன் எதைக் கற்க வேண்டும் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போனது.

காலமோ காத்திருக்கவில்லை. முதல் சுற்று டேப்கள் கைக்கு வருவதற்கு மூன்று வாரம் முன்பு, 2022 நவம்பர் 30 அன்று, சாட்ஜிபிடி வெளியாகியிருந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித் தரும் இயந்திரம் வந்துவிட்டதை டேப்பில் ஏற்றப்பட்ட பாடங்கள் அறியவில்லை. 2024 ஜூனில் ஆட்சி மாறியது. ஜூலையில் பைஜூஸின் தாய் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. ஒரு மாணவன் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குப் போவதற்குள் அரசும் மாறி, பாடம் தந்த நிறுவனமும் தள்ளாடி, தொழில்நுட்பமும் ஒரு தலைமுறை தாண்டிவிட்டது.

கருவியை இயக்கச் சொல்லித்தர அவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. 1999இல் டெல்லி கல்காஜியில் குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் சுகதா மித்ரா ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்தி வைத்தார். சொல்லிக்கொடுக்க யாருமில்லாமலே சிறுவர்கள் அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். 2024ஆம் ஆண்டின் அசர் ஆய்வும் அதையே வேறு விதமாகச் சொல்கிறது. கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரை உள்ளவர்களில் 82 சதவிகிதத்தினருக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரியும். அவர்களில் முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவிகிதம். சமூக ஊடகத்துக்காக 76 சதவிகிதம். தொல்லை தருபவரைத் தடுக்கவும் புகார் செய்யவும் தெரிந்தவர்கள் சுமார் 62 சதவிகிதம்தான். விரல்கள் கற்றுக்கொண்டுவிட்டன. எச்சரிக்கை உணர்வு பின்தங்கி நிற்கிறது.

இது வெறும் மதிப்பெண் சமாசாரம் அல்ல என்பதைச் சித்தூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அங்கிருந்து வேலூரைத் தாண்டினால் திருவண்ணாமலை மாவட்டம் போளூர். 2018 மே 9 அன்று குலதெய்வக் கோயிலுக்காக அந்தப் பக்கம் வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று சந்தேகித்த கும்பல் அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்துபோனார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் இறங்கியிருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அதற்கு முன்பே ஊர் ஊராகப் பரவியிருந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, குழந்தைகளின் பாதுகாப்புக்காக கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடத்தப்பட்ட குழந்தை திரும்பி வரும் கடைசிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டார்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் தூலே மாவட்டத்தில் 5 பேர் இதே மாதிரியான வதந்திக்குப் பலியானார்கள்.

அடித்தவர்களுக்கு போன் இயக்கத் தெரியாமல் இல்லை. வந்த படத்தை நிறுத்தி, 'இது எங்கே எடுத்தது?' என்று கேட்கத்தான் தெரியவில்லை.

அதே 2018இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது. முந்தைய ஆண்டு தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசியைப் பற்றிக் கிளம்பிய பொய்ப் பிரசாரத்தால் பல பெற்றோர் ஊசி போட மறுத்திருந்தார்கள். அன்றைய கலெக்டர் மீர் முகமது அலி 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் வகுப்புகளைத் தொடங்கிவைத்தார். பொய்ச் செய்தி எப்படி உருவாகிறது, அதை ஏன் நம்பத் தோன்றுகிறது, எப்படிச் சரிபார்ப்பது என்பதே பாடம். பின்னர் கேரள அரசின் கைட் அமைப்பு அதே பெயரிலான பயிற்சியை மாநிலம் முழுக்கக் கொண்டுசென்றது.

ஆந்திரத்துக்கோ தமிழகத்துக்கோ இது எட்டாத காரியமல்ல. இதற்குப் புதிய டேப் வேண்டாம். வாரம் ஒரு பாடவேளை போதும். ஒரு ஃபார்வர்டு செய்தியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, யார் சொன்னது, எப்போது சொன்னது, நாம் நம்பினால் யாருக்கு லாபம் என்று மூன்று கேள்விகள் கேட்கலாம். 'கடன் உடனே' என்று அழைக்கும் செயலியின் வட்டியைக் கணக்கு வகுப்பில் போட்டுப் பார்க்கலாம். ஓடிபி கேட்பவர் திருடர் என்பதையும், பணம் போனால் அழைக்க வேண்டிய எண் 1930 என்பதையும் மனப்பாடம் செய்ய வைக்கலாம். சாட்ஜிபிடி தந்த விடையைப் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுத் தவறு கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

ஒரு தடை உண்டு. அசர் 2023 ஆய்வின்படி 14 முதல் 18 வயதுக்காரர்களில் நாலில் ஒருவருக்கு, தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க வரவில்லை. எழுத்தைப் படிக்கத் திணறுபவர் வீடியோவையும் குரல் பதிவையும்தான் நம்புவார். போலிக்கு மிகவும் இடம் கொடுப்பவையும் அவையே. ஆகவே டிஜிட்டல் கல்வியும் தெலுங்கு, தமிழ் வாசிப்பு வகுப்பில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் சொன்னதை அப்படியே ஒப்பிப்பதையே நல்ல பழக்கமாக வளர்த்த பள்ளிகள் நம்முடையவை. 'சார், அது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று எழுந்து கேட்கும் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பை மட்டும் சந்தேகப்படு என்று சொன்னால் நடக்காது. ஆசிரியர் பயிற்சி அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.