டவர் ஒரே ஒரு பாயின்ட்... அப்போ கதிர்வீச்சு கூடுமா, குறையுமா?

ஆலங்காயத்தில் இருந்து காவலூர் பக்கம் ஜவ்வாது மலை ஏறுகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும். எங்கேயாவது ஒரு பாயின்ட் கிடைத்ததும் வண்டியை ஓரங்கட்டி, போனைக் காதோடு அழுத்திப் பேச வேண்டியதுதான். "டவர் இல்லாத இடத்துல கதிர்வீச்சும் இல்ல" என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. உண்மை இதற்கு நேர் எதிர்.

நம் உடலில் படும் ரேடியோ அலையில் பெரும்பங்கு, தூரத்து டவரில் இருந்து வருவதில்லை. காதோடு ஒட்டியிருக்கும் போனில் இருந்துதான் வருகிறது. அந்த போன் எவ்வளவு சக்தி செலவழிக்க வேண்டும் என்பதை டவர்தான் நொடிக்கு நொடி சொல்கிறது. டவர் பக்கத்தில் இருந்தால் கிசுகிசுத்தால் போதும். நடுவில் மலை மறைத்தால் கத்தியாக வேண்டும். 4ஜி போனின் உச்ச சக்தி சுமார் 0.2 வாட். சிக்னல் நன்றாக இருந்தால் இது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். மலையில் சார்ஜ் சீக்கிரம் தீர்வதற்கும் இது ஒரு காரணம்.

சரி, இதனால் கேன்சர் வருமா?

எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் போல டிஎன்ஏவை உடைக்கும் ஆற்றல் ரேடியோ அலைக்குக் கிடையாது. திசுவைக் கொஞ்சம் சூடாக்கும், அவ்வளவுதான். வைஃபை, ப்ளூடூத் எல்லாம் இதே ரகம். 2011-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 'புற்றுநோய்க்கு வாய்ப்பிருக்கலாம்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது உண்மைதான். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது! உலக சுகாதார அமைப்புக்காக 60-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி 2024-ல் வெளியான தொகுப்பு, செல்போனால் மூளைப் புற்றுநோய் வருவதாகக் காணவில்லை.

*#07# டயல் செய்தால் பெரும்பாலான போன்களில் 'சார்' அளவு வரும். இந்தியாவில் இதன் உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட். ஆனால், அது போனை முழுச் சக்தியில் ஓடவிட்டு எடுக்கும் அளவு. நகரத்தில் அந்த அளவை எட்டுவது அரிது. ஒரு பாயின்ட் சிக்னலில் அதை நெருங்கலாம். அப்போதும் வரம்புக்குள்தான். கவலையாக இருந்தால் ஸ்பீக்கரிலோ வயர் இயர்போனிலோ பேசலாம். சில சென்டிமீட்டர் விலகினாலே அளவு மளமளவென்று குறையும்.

ஆக, கதிர்வீச்சுக்குப் பயந்து 'டவர் வேண்டாம்' என்று மனு கொடுப்பதில் ஒரு முரண் இருக்கிறது. டவர் தள்ளிப்போனால் கையில் இருக்கும் போன்தான் கூடுதலாக உமிழும். அதோடு, மலையில் பிரசவ வலி வந்த நேரத்தில் 108-க்கு லைன் கிடைக்காமல் போவது எந்த ரேடியோ அலையையும் விடப் பெரிய ஆபத்து.

போனின் பின்னால் ஒட்டும் 'ஆன்டி ரேடியேஷன்' ஸ்டிக்கரும் வேண்டாம். அது நிஜமாகவே அலையைத் தடுத்தால், போன் இன்னும் அதிகமாகக் கத்தும். 'பாதுகாப்பு' டாலர்களின் கதை இதைவிட மோசம். இப்படி விற்கப்பட்ட டாலர், தூக்க முகமூடி, குழந்தைகள் வளையல் உட்பட 10 பொருட்களை 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் சோதித்தது. பத்துமே நிஜமான கதிரியக்கத்தை வெளியிட்டன. உடனே கழற்றி வைக்கச் சொல்லி எச்சரிக்கை விட்டார்கள்.